உபதேசியார்களை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் தென்மாவட்டங்களின் பழைய கத்தோலிக்கத் திருத்தலங்கள் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை. ஓரியூர்ச் செம்மண்ணை அதே நிறத்தில் அச்சில் கொண்டுவந்ததற்கே தனியாகப் பாராட்டலாம். மணப்பாடு, புன்னைக்காயல், காமநாயக்கன்பட்டி, ஏலாக்குறிச்சி என்று ஊர் ஊராகப் போய், சவேரியார், தே நோபிலி, அருளானந்தர், வீரமாமுனிவர் என்று ஐரோப்பாவிலிருந்து வந்த குருக்கள் ஒவ்வொருவரையும் பற்றிச் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். எல்லாம் சரி. பக்கம் முழுவதையும் திரும்பவும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். குரு இல்லாத ஊரில் கோவிலையும் செபத்தையும் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் என்று ஒரு ஆள் அதில் எங்கேயும் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதாக இருந்தால் என் அப்பாவைப் பற்றிய பகுதியை வெட்டிவிட்டு மற்றதை விட்டுவையுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். மறவர் நாட்டுச் சிறுவல்லியின் தலைவர் தடியத்தேவரின் நோயை அருளானந்தர் நேரில் போய்த் தீர்த்துவைத்தார் என்று கட்டுரையில் இருக்கிறது. நடந்தது அப்படியல்ல. தேவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது அருளானந்தர் தாம் போகவில்லை, ஓர் உபதேசியாரை அனுப்பிவைத்தார். அந்த உபதேசியார் போய்ச் செபம் சொல்லி, நோயாளிக்கு மேலாக நற்செய்தியை வாசித்தார், நோய் விலகியது என்றுதான் அருளானந்தரின் துறவற சபையான இயேசு சபையார் எழுதிவைத்த வரலாறு சொல்கிறது. அதற்கு அப்புறம்தான் தேவருக்கு ஞானஸ்நான ஆசை வருகிறது. 1693 ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாளன்று அருளானந்தர் கையால் அதைப் பெறுகிறார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்குகிறார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மறவர் நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண். அவள் போய் முறையிட, அதே வருடம் பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்படுகிறது. அவர் புனிதர், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. 1947-ல் ரோமாபுரி பட்டம் கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பே நம் ஜனங்கள் கொடுத்துவிட்டார்கள். அவர் பெயரில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள்! ஆனால் தடியத்தேவரின் கட்டிலருகே நின்று வேதத்தை வாசித்த அந்த மனிதர் யார் என்று கேட்டால் நம்மில் யாராலும் பதில் சொல்ல முடியாது.

அதற்கு ஏழு வருடம் முன்பு, 1686-ல், மறவர் நாட்டில் அருளானந்தரைப் பிடித்துச் சித்திரவதை செய்தபோது கூடவே பிடிபட்டு அடிவாங்கியவர்களும் உபதேசியார்கள்தான். போர்ச்சுக்கல் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை இந்தக் கஷ்டமெல்லாம் பட்டாரே என்று நாம் உருகுகிறோம். உருகத்தான் வேண்டும். கூட நின்று அடிபட்டவன் நம் ஊர்க்காரன். அவனுக்காகவும் கொஞ்சம் உருகலாம்.

உபதேசியார் யார் என்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அவர் குரு அல்ல, துறவி அல்ல. பெண்டாட்டி பிள்ளை உள்ள குடும்பஸ்தர். சாமியார் இல்லாத ஊரில் கோவிலைத் திறப்பதும் மணி அடிப்பதும் செபம் சொல்லிக்கொடுப்பதும் சாவுக்கு நிற்பதும் அவர். பத்துப் பதினைந்து ஊருக்கு ஒரு சாமியார் என்றால், அந்தப் பத்துப் பதினைந்து ஊரிலும் ஆளுக்கொரு உபதேசியார் இருந்தால்தான் பங்கு ஓடும்.

இந்த ஏற்பாட்டைச் சவேரியாரே செய்துவைத்தார். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். ஆனால் அவர்களோடு தங்கிச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542 அக்டோபரில் சவேரியார் வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழ் ஓடவில்லை. தமிழும் போர்த்துக்கேசியமும் தெரிந்தவர்களை உட்காரவைத்து விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் பத்துக் கற்பனைகளையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். நோயாளி வீட்டுக்கெல்லாம் தாம் போக முடியாமல் அந்தப் பிள்ளைகளையே செபம் சொல்ல அனுப்பியதாக 1544 ஜனவரிக் கடிதத்தில் எழுதுகிறார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று எழுதியதும் அதே கடிதத்தில்தான். அவர் ஊரை விட்டுக் கிளம்பும்போது அங்கே ஒருவரை நியமித்துவிட்டுப் போவார். அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர்.

அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? முத்துக்குளித்துறையிலிருந்து வருடம் 4000 பணம் போர்ச்சுக்கல் ராணியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. சவேரியார் கவர்னரிடம் பேசி அதை உபதேசியார்களின் சம்பளத்துக்குத் திருப்பிவிட்டார். மோட்சம் ஏறுவதற்கு ராணிக்கு இதைவிட நல்ல செருப்பு வேறு கிடையாது என்று அவர் எழுதியதாகச் சொல்வார்கள். அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அம்மா, "அந்த ராணி செருப்பில் ஒரு வாராவது நம்ம வீட்டுக்கு வந்திருக்கா?" என்று கேட்பாள்.

அடுத்து வீரமாமுனிவர். அவரைப் பற்றித் தேம்பாவணி, சதுரகராதி, எழுத்துச் சீர்திருத்தம் என்று நிறைய எழுதியிருந்தீர்கள். உபதேசியார்களுக்கென்றே அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' உங்கள் பட்டியலில் இல்லை. 1727-ஆம் வருடத்து நூல். ஊரில் எப்படி இருக்க வேண்டும், எதற்கு ஆசைப்படக்கூடாது, ஆத்துமங்களை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் சுத்தமான உரைநடையில் இருக்கும். ஏறக்குறைய முந்நூறு வருடம் முந்தைய தமிழ் உரைநடை எப்படி இருந்தது என்று தேடுகிற பேராசிரியர்கள்கூட அதைக் கையிலெடுக்கிறார்கள். அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்லவந்த விஷயம். உங்கள் கட்டுரை வீரமாமுனிவரின் மறைவோடு ஒரு பத்தியை முடித்து, அடுத்த பத்தியை "1838-ல் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பினர்" என்று தொடங்குகிறது. நடுவில் என்ன நடந்தது? 1759-ல் போர்ச்சுக்கல் அரசு இயேசு சபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773-ல் பாப்பரசர் 14-ஆம் கிளமெந்து அந்தச் சபையையே கலைத்துவிட்டார். பழைய சாமியார்கள் ஒவ்வொருவராக மூப்படைந்து செத்துப்போனார்கள். கோவாவிலிருந்து சில குருக்கள் வந்தார்கள், புதுச்சேரிப் பக்கமிருந்து சிலர் வந்தார்கள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு அது எந்த மூலைக்கு? சாமியார் முகத்தையே வருடக்கணக்கில் பார்க்காத ஊர்கள் இருந்தன. இத்தனைக்கும் 1838-ல் வந்த பிரெஞ்சுச் சாமியார்கள் இறங்கிப் பார்த்தபோது ஊர் ஊராகக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். செபம் தெரிந்திருந்தது, உபவாசமான ஒருசந்தியும் மாமிசம் விலக்கும் சுத்தபோசனமும் தெரிந்திருந்தன, திருநாள்களின் தேதி தெரிந்திருந்தது. அந்த அறுபத்தைந்து வருடமும் அதைக் காப்பாற்றிக் கொடுத்தது யார்?

தேவதிரவிய அனுமானங்கள், அதாவது இன்று திருவருட்சாதனங்கள் என்று சொல்பவை, ஏழு என்று ஞானோபதேசத்தில் படித்தவர்களுக்கு நான் சொல்வது எளிதாகப் புரியும். ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பச்சாத்தாபம் (பாவசங்கீர்த்தனம்), அவஸ்தைபூசுதல் (சாகும் நேரத்தில் எண்ணெய் பூசுவது), குருத்துவம், மெய்விவாகம். இதில் குரு இல்லாமல் நடக்கக்கூடியவை இரண்டே இரண்டு. அவசரத்துக்கு ஞானஸ்நானத்தை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தண்ணீர் இருக்க வேண்டும், சொல்லவேண்டிய வார்த்தையைச் சொல்ல வேண்டும், திருச்சபை செய்வதைச் செய்கிறோம் என்ற எண்ணம் இருக்க வேண்டும். மெய்விவாகத்தில் மணமக்களே ஒருவருக்கொருவர் அனுமானத்தைக் கொடுத்துக்கொள்கிறார்கள். சாமியார் சபையின் சாட்சியாக நிற்கிறவர்தான். அவர் கிடைக்கவே மாட்டார் என்ற இடத்தில் இரண்டு சாட்சிகள் முன்னால் கொடுத்த சம்மதம் செல்லும். மீதி ஐந்தும் இல்லாமல்தான் அந்த ஜனங்கள் ஒரு முழு ஆயுசைக் கழித்தார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும்போது எண்ணெய் இல்லை. அதற்குப் பதிலாக உபதேசியார் கையில் இருந்தது உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்து படுகிற துக்கம் அல்ல, சர்வேசுரனுக்குப் பொல்லாப்புச் செய்துவிட்டோமே என்று அவருக்காகவே படுகிற துக்கம். சங்கீர்த்தனம் செய்யும் ஆசையோடு அப்படி ஒருவன் மனம் வருந்தினால், சாமியார் வருமுன் செத்தாலும் பாவம் போகும் என்பது சபையின் போதனை. அதை எழுத்தறியாத ஜனங்களின் நாக்கில் ஏற்றி, சாகும் நேரத்தில் தானாக வாயில் வருமளவுக்குப் பழக்கிவைத்தார்கள். வேதசாஸ்திரத்தில் பட்டம் வாங்கியவர்கள் செய்த வேலை அல்ல இது.

இலங்கையிலும் இதே கதைதான். 1658-ல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்து கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். 1687-ல் கோவாக்காரரான ஜோசப் வாஸ் கூலியாள் போல வேடம் போட்டு வந்து இறங்கும்வரை அங்கே குருவே இல்லை. அவர் வந்து தேடியபோது கழுத்தில் செபமாலையும் வீட்டுக்குள் ஒளித்துவைத்த சுரூபமுமாக ஆட்கள் கிடைத்தார்கள். 2015-ல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார் பிரான்சிஸ் பாப்பரசர். நடுவில் இருபத்தொன்பது வருடம் வீட்டுக்குள் செபத்தை அணையாமல் வைத்திருந்தவர்களுக்குப் பட்டம் கொடுக்க முடியாது. அவர்கள் யாரென்று தெரிந்தால்தானே.

இனி வெட்டிக்கொள்ளலாம் என்று சொன்ன பகுதி. என் அப்பா சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக்காட்டு ஊர் ஒன்றில் உபதேசியாராக இருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய மாமனார், அதாவது என் அம்மாவின் அப்பா, அதே கோவிலில் உபதேசியார். பனையேறிகள் ஊர். அவர்கள் விடிவதற்கு முன்பே காட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதால் எங்கள் ஊரில் காலைத் திரிகால மணி (மூன்றுவேளைச் செபத்துக்கான கோவில் மணி) மற்ற ஊர்களைவிடச் சீக்கிரமாக அடிக்கும். அப்பா இருட்டில் எழுந்து கயிற்றை இழுப்பார். தளைநாரும் பாளை அரிவாளும் வைத்துக்கொண்டு கோவில் வாசலில் நின்றபடியே கும்பிட்டுவிட்டு ஆட்கள் போவார்கள். சாயந்தரம் செபமாலைக்குப் பெண்களும் பிள்ளைகளும். ராத்திரி பிள்ளைகளுக்குக் குறிப்பிடம், அதாவது கேள்விபதிலாக ஞானோபதேசம். கேள்வியை அப்பா சொல்ல, பதிலை நாங்கள் ராகம் போட்டு ஒப்பிக்க வேண்டும். தப்பினால் பிரம்பு. நான் மகள் என்பதால் எனக்கு ஒன்று கூடவே விழும்.

சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. மாட்டுவண்டியில் பூசைப்பெட்டி வரும். அதற்குள் பீடக்கல், பாத்திரம், உடுப்பு, மெழுகுதிரி எல்லாம் இருக்கும். வண்டி ஓடைமேட்டில் தெரிந்ததும் மணி அடிப்போம். "தோத்திரம் சாமி" என்று கூட்டம் முண்டும். அப்பா மட்டும் அந்த நேரத்தில் கையில் ஒரு காகிதத்தோடு ஓரமாக நிற்பார். யார் படுக்கையில் கிடக்கிறார்கள், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், எந்த வீட்டுக் கல்யாணத்தில் முறை இடிக்கிறது, எந்தக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று அதில் எழுதியிருக்கும். சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கும் தொட்டியில் உட்காருமுன் அந்தக் காகிதத்தோடு கால்மணி நேரம் இருவரும் பீடத்துக்குப் பக்கத்து உடுப்பறையான சக்ரீஸ்துவில் பேசுவார்கள். ஒரே ராத்திரியில் ஒரு ஊரின் ஆத்துமக் கணக்கை வேறு எப்படிப் பார்க்க முடியும்?

பூசை அன்றைக்கு லத்தீன். பீடச் சிறுவர்கள் பதில் சொல்லவேண்டும். அப்பா லத்தீன் படித்தவரில்லை. மாமனார் ஒப்பித்ததைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்று பையன்கள் பனங்காட்டுக் குரலில் சொல்வது இன்றைக்கும் காதில் கேட்கிறது. நள்ளிரவிலிருந்து பல்லில் எதுவும் படாமல் நன்மை (நற்கருணை) வாங்குவது அவர் காலத்து விதி. எனக்கு முதல்முறை நற்கருணை, அதாவது புதுநன்மை, கொடுத்தபோது அது மூன்று மணி நேரமாகக் குறைந்திருந்தது. அப்பா அதை ஏற்றுக்கொள்ளவில்லை, கடைசிவரை நள்ளிரவுக் கணக்குதான். ரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி முடிந்து பூசை தமிழுக்கு வந்தது, பீடம் ஜனங்களைப் பார்த்துத் திரும்பியது. அந்த லத்தீன் நோட்டுக்கு வேலை இல்லாமல் போனது. வருத்தப்படுவார் என்று நினைத்தோம். அவர் பேசாமல் கடைக்குப் போய் ஒரு புது நோட்டு வாங்கிவந்து தமிழ்ப் பூசைப் பாட்டுகளை எழுத ஆரம்பித்தார்.

பனையிலிருந்து ஆள் விழுந்தால் முதல் சத்தம் எங்கள் வீட்டு வாசலில்தான் கேட்கும். சாமியாருக்குச் சைக்கிளில் ஆள் போகும். அவர் வந்து சேர அரை நாள் ஆகலாம். அப்பா பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் தொங்கும் இயேசுவின் சுரூபம்) எடுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடுவார். ஒருமுறை நானும் பின்னால் ஓடினேன். விழுந்தவரைப் பனைமூட்டில் கிடத்தியிருந்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா தரையில் குப்புறப்படுத்து அவருடைய காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னார். ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார், அவருடைய உதடு அசைகிறதா என்று பார்ப்பார், அப்புறம் அடுத்த வரி. அவசரமே படவில்லை. பாதியில் உதடு நின்றுபோனது. மீதியை அப்பா அவருக்காகத் தானே சொல்லி முடித்தார். பிறகு எழுந்து, மேலெல்லாம் ஒட்டியிருந்த செம்மணலைத் தட்டாமல், துக்கமணி அடிக்க ஆள் அனுப்பினார். அடக்கமும் அவர்தான். சாமியார் பிற்பாடு வந்து கல்லறையை மந்திரித்துப் பூசை வைத்தார்.

அம்மாவுக்கு உபதேசியார் என்று பட்டம் கிடையாது, சம்பளமும் கிடையாது. பீடத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போடுவதும், பெண்பிள்ளைகளைப் புதுநன்மைக்குத் தயார்செய்வதும், மருத்துவச்சியோடு பேறுகால வீட்டில் நிற்பதும் அவள்தான். பிள்ளை நிலைக்காது என்று தெரிந்தால் சொம்பை எடுத்துத் தலையில் ஊற்றி, "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவினுடையவும் நாமத்தினாலே" என்று கொடுத்துவிடுவாள். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டால் சாமியார் வரும்போது விசாரணை நடக்கும். தண்ணீர் தலையில் ஓடியதா, சும்மா ஈரக்கையால் தொட்டாயா? ஊற்றும்போதே வார்த்தையைச் சொன்னாயா, ஊற்றி முடித்துச் சொன்னாயா? அம்மா பதில் சொல்வது சாட்சிக்கூண்டில் நிற்பதுபோல இருக்கும். சாமியாருக்குத் திருப்தியானால் எண்ணெய் பூசுவது முதலான மீதிச் சடங்குகளை மட்டும் நிறைவேற்றுவார், தண்ணீரைத் திரும்ப ஊற்ற மாட்டார். அம்மா கொடுத்த ஞானஸ்நானத்தை எந்தச் சாமியாரும் மறுபடி கொடுத்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு, வெளியில் சொல்லமாட்டாள். அப்படி அவள் கையால் தண்ணீர் வாங்கிய பையன்களில் ஒருவர் பின்னால் குருப்பட்டம் பெற்றார்.

சம்பளம் என்று பங்கிலிருந்து கொஞ்சம் வரும். அதை வைத்து ஒரு வாரம் ஓட்டலாம். பதனீர்க் காலத்தில் வீட்டுக்கு வீடு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொடுப்பார்கள், அது சாத்தான்குளம் சந்தைக்குப் போய் அரிசியாகத் திரும்பும். அவ்வளவுதான் வருமானம்.

உபதேசியார் எல்லாம் உத்தமர் என்று சாதிக்க வரவில்லை. அப்படி இருந்திருந்தால் வீரமாமுனிவர் ஒழுக்கத்துக்கு ஒரு புத்தகம் எழுதவேண்டி இருந்திருக்காது. கோவில் வரியில் கை வைத்தவர்கள் உண்டு. பிடிக்காதவன் வீட்டுச் சாவுக்கு மணி அடிக்க மறுத்தவர்கள் உண்டு. சாதி விஷயத்தில் ஊர் எப்படியோ அப்படித்தான் அவர்களும் இருந்தார்கள். வடக்கன்குளத்தில் 1872-ல் சாதிக்கொரு பக்கமாகக் கால்சட்டை வடிவத்தில் கோவில் கட்டி நடுவில் சுவர் வைத்தோமே, 1910-ல் சாமியார் ஒருவர் துணிந்து அந்தச் சுவரை இடிக்கும்வரை அதை நியாயப்படுத்திப் பேசியவர்களில் ஞானோபதேசம் நன்றாகத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அதே வடக்கன்குளத்தில்தான் 1745-ல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்று, எல்லாச் சாதியாரோடும் பழகினார் என்ற குற்றத்தையும் சேர்த்துச் சுமந்து, 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று உங்கள் பத்திரிகையும் எழுதியது. மனைவியோடு வாழ்ந்த ஒரு பொதுநிலையினர் பீடத்தில் ஏறலாம் என்று ஆகிவிட்டது அல்லவா? அந்தக் கண்ணோடு பழைய வரலாற்றையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சாமியார்களைக் குறை சொல்வதாகவும் யாரும் நினைக்கவேண்டாம். இன்றைய இளம் குருக்கள் படும் பாட்டைப் பார்க்கிறேன். ஞாயிறன்று ஒரு கோவிலில் பூசையை முடித்து, உடுப்பைப் பையில் திணித்து, பைக்கை உதைத்து அடுத்த கிளை ஊருக்கு ஓடுகிறார்கள். நடுவில் பள்ளிக்கூடத் தாளாளர் வேலை, கட்டடக் கமிட்டி, திருவிழா வரவுசெலவு. சாயந்தரம் வந்து உட்காரும்போது யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு ஆள் இருப்பதில்லை. அப்பா கையில் வைத்திருந்த அந்தக் காகிதம் இப்போது யாரிடமும் இல்லை. பாதை போட்டாயிற்று, செல்போன் வந்தாயிற்று, சாமியார் நினைத்த நேரத்தில் வந்துவிடலாம், உபதேசியார் எதற்கு என்று பல ஊர்களில் அந்த இடத்தை நிரப்பாமலே விட்டுவிட்டார்கள். மறைக்கல்வியைக் கன்னியர்களும் டீச்சர்களும் எடுத்துக்கொண்டார்கள், வீட்டுச் செபத்தை அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியங்கள் பார்த்துக்கொள்கின்றன. நானே ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பை எடுத்தவள்தான். ஞாயிறு ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கிற டீச்சருக்கு, பனைமூட்டில் படுத்து மந்திரம் சொல்லும் கடமை இல்லை.

விநோதம் என்னவென்றால், நம் ஊரில் அந்த வேலை மறையும் நேரத்தில் ரோமாபுரி அதைத் தேடிப் பிடித்திருக்கிறது. 2021 மே 10 தேதியிட்ட ஒரு மடலில் பிரான்சிஸ் பாப்பரசர் உபதேசியார் பணியைத் திருச்சபையில் முறைப்படி ஏற்படுத்தப்பட்ட பணியாக்கினார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆயரோ அவர் நியமிக்கும் குருவோ சடங்கு நடத்தி அதைக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 2025 அக்டோபரில் பாப்புவா நியூகினியைச் சேர்ந்த பீட்டர் தோ ரோத் புனிதர் ஆனார். அவரும் உபதேசியார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் குருக்களைச் சிறைவைத்தபோது ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் செபமுமாக ஊர்களைத் தாங்கிநின்று, அதற்காகவும் பலதார மணத்தை எதிர்த்ததற்காகவும் 1945-ல் கொல்லப்பட்டவர். எங்கோ பசிபிக் தீவுக்காரர், ஆனால் அவர் கதையைப் படித்தபோது எங்கள் தாத்தாவின் அன்றாட வேலைப்பட்டியலைப் படிப்பதுபோல இருந்தது.

இப்போது உங்களிடம் கேட்பது. எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு ஒரு பங்காவது நூற்றாண்டு விழாவோ பொன்விழாவோ கொண்டாடி மலர் போடுகிறது. ஆயர் ஆசிச் செய்தி, பங்குக்குருக்கள் வரிசை, இன்னார் இந்த வருடம் முதல் இந்த வருடம் வரை என்று படத்தோடு, அப்புறம் நகைக்கடை விளம்பரம். அண்மையில் ஒரு ஊர் மலருக்கு அப்பா படத்தைக் கொடுத்தேன். "உபதேசியாருக்கு என்று பக்கம் ஒதுக்கவில்லையே டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஊரில் அவர் வேலை பார்த்த காலத்தில் சாமியார்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எல்லாருக்கும் பக்கம் இருந்தது.

பெயர்கள் தொலைந்துபோய்விடவில்லை. ஞானஸ்நான ரெஜிஸ்டரையும் அடக்க ரெஜிஸ்டரையும் எடுத்துப் புரட்டினால் கிடைக்கும். அவசர ஞானஸ்நானம் என்று குறித்திருக்கும் இடத்தில் கொடுத்தவர் பெயர் இருக்கும், பல பக்கங்களில் உபதேசியாரின் பெண்டாட்டி பெயரோ மருத்துவச்சி பெயரோ இருக்கும். கல்யாணப் புத்தகத்தில் சாட்சி என்ற இடத்தில் ஒரே கையெழுத்து வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும், அது அநேகமாக உபதேசியாருடையது. தாள் மொடமொடத்துப் பொடியாகிக்கொண்டிருக்கிறது. கரையான் ஒருபக்கம், அலமாரியில் ஒழுகும் மழைத்தண்ணீர் ஒருபக்கம். பங்குக்கு இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் கோடை லீவில் உட்கார்ந்தால் செல்போனில் படம் எடுத்துப் பட்டியல் போட்டுவிடலாம். ஆயர்களும் பங்குப் பேரவைகளும் மனசு வைத்தால் போதும், பெரிய காசு தேவையில்லை.

நீங்கள் செய்யவேண்டியது, அந்தக் கட்டுரையாளரையே இன்னொருமுறை தெற்கே அனுப்புங்கள். இந்தத் தடவை திருத்தலங்களை விட்டுவிட்டுக் கிளை ஊர்களுக்குப் போகட்டும். உபதேசியாராக இருந்து ஓய்ந்தவர்கள் இன்னும் சிலர் எண்பது வயதைத் தாண்டித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேட்கவேண்டும், ஆனால் ஞாபகம் தெளிவு. காலை பத்து மணிக்குள் போனால் நல்லது, மத்தியானம் தூங்கிவிடுவார்கள். எந்தெந்த ஊர் என்று நான் சொல்கிறேன். அப்பாவின் லத்தீன் நோட்டும், தமிழ்ப் பாட்டு நோட்டும், சாமியாருக்காக எழுதிய காகிதங்களில் மிஞ்சியவையும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் காகிதங்களில் ஊர்க்காரர்களின் குடும்ப விஷயம் இருப்பதால் அவற்றைக் காட்ட முடியாது. நோட்டுகளை வீட்டுக்கே வந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓர் உபதேசியாரின் மகள்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்.